ஒற்றைக் கால் தகராறு

பிப்ரவரி 9

அன்புள்ள பின்வரிசைக்கு,

முன்வரிசை எழுதுவது. நானும் மகளும் நலம். உங்கள் நலத்தை இனி உங்கள் வக்கீலிடம்தான் விசாரிக்க வேண்டும் போலிருக்கிறது.

அவர் அனுப்பிய பிரிவுப் பத்திரம் போன வாரம் வந்தது. அச்சகத்தில் பிழை திருத்துகிறவள் கையில் ஆறு பக்கத்தைக் கொடுத்தால் சும்மா இருப்பாளா? சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்துவிட்டேன். பதினொரு பிழை. ‘மனமொத்துப் பிரிகிறோம்’ என்பதை ‘மணமொத்துப் பிரிகிறோம்’ என்று அடித்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் திருத்தினேன். உங்கள் கையெழுத்துக்குப் பக்கத்தில் இருந்த காலியிடத்தை மட்டும் அப்படியே விட்டுவிட்டேன்.

காரணம் தெரியாமல் நான் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை. பதினொரு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு கிளம்பினீர்கள். வேறு ஊரில் உதிரிபாகக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள் என்றீர்கள். அந்த மாற்றலை நீங்களே கேட்டு வாங்கினீர்கள் என்பது உங்கள் மேலாளர் வாயிலிருந்துதான் எனக்குத் தெரிந்தது. பதினெட்டு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவருக்குத் திடீரென்று திருகாணி எண்ணுவதில் என்ன ஆசை? ஃபோன் செய்தால் எடுப்பதில்லை. மெசேஜ் அனுப்பினால் ‘சரி’ என்று ஒரு சொல். அதனால்தான் தபாலில் எழுதுகிறேன். காகிதத்துக்கு ‘சரி’ என்று பதில் போட உங்களுக்கே கூச்சமாக இருக்கும்.

சேதிக்கு வருகிறேன். ‘கருங்கல் ஜல்லி’ இசைக்குழு கலைகிறது. ஜூன் பதினாலாம் தேதி கடைசி நிகழ்ச்சி. எந்தப் பாட்டுகள் வேண்டும் என்று ரசிகர்களே கையால் அட்டை எழுதிப் போட வேண்டுமாம். நான் கேட்கப்போவது ‘பூட்டாத வீடு’. இரண்டாவது கேசட்டின் கடைசிப் பாட்டு. பத்தொன்பது வருஷமாக ஒருமுறைகூட மேடையில் பாடாத பாட்டு.

நாம் சந்தித்ததே அந்தப் பாட்டால்தானே. டிக்கெட் வரிசையில் எனக்குப் பின்னால் நின்று தப்பாக முணுமுணுத்தீர்கள். ‘போவதென்றால் போ, தடுக்கவில்லை நான், திரும்பி ஒருமுறை முகம் பார்த்துச் செல்.’ நான் திரும்பி, ‘செல் இல்லைங்க, சொல்’ என்றேன். கேசட்டில் அந்தச் சொல் வரும் இடத்தில் மூன்று கிட்டாரும் ஒன்றாக இடிந்து விழும். கேசட் உறையில் பாட்டு வரிகளை அச்சிடவும் இல்லை. அன்று பிடித்த சண்டை இன்னும் ஓயவில்லை. எழுதிப் பார்த்தால் இரண்டு சொல்லுக்கும் ஒரே ஒரு கால்தான் வித்தியாசம். என் பிழைப்பே விட்டுப்போன கால்களைப் பிடித்துப் போடுவதுதான். இந்தக் காலை மட்டும் எப்படி விடுவேன்?

எனவே ஒரு பந்தயம். அந்தப் பாட்டை மேடையில் பாட வைக்கிறேன். ‘சொல்’ என்று பாடினால், ஏன் போனீர்கள் என்று ஒன்றுவிடாமல் நீங்கள் சொல்ல வேண்டும். ‘செல்’ என்று பாடினால், மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

இன்னும் கையெழுத்துப் போடாத,
முன்வரிசை


பிப்ரவரி 21

அன்புள்ள முன்வரிசைக்கு,

கடிதம் கிடைத்தது. ‘சரி’ என்று மட்டும் எழுதலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தது உண்மை.

பந்தயத்துக்கு ஒப்புக்கொள்கிறேன். நீ தோற்பாய் என்பதால் இல்லை. அவர்கள் அந்தப் பாட்டைப் பாடவே மாட்டார்கள் என்பதால். ஜல்லி ஜல்லியாக இருந்தது முதல் மூன்று ஆல்பம்வரைதான். அப்போதெல்லாம் பாட்டு ஆரம்பித்தால் நெஞ்சுக்கூட்டுக்குள் கல் அரைக்கும். இப்போது பஞ்சு மெத்தை தைக்கிறார்கள். போன ஆல்பத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். டிரம்மர் சிம்பல் தட்டைத் தொடவே இல்லை. பாடகர் வாயில் துணியை வைத்துக்கொண்டு பாடுகிறார். வயதானால் கனம் போய்விடும் என்பது பெரிய விஷயமில்லை. போனதை ஒத்துக்கொள்ளாமல் மேடையேறுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

கிடங்கில் வேலை நன்றாகவே போகிறது. இங்கே யாரும் அதிகம் பேசுவதில்லை. என்ன வேண்டும் என்பதைச் சீட்டில் எழுதி நீட்டுவார்கள், எடுத்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். மகளைக் கேட்டதாகச் சொல்.

பின்வரிசை


மார்ச் 15

அன்புள்ள பின்வரிசைக்கு,

‘மகளைக் கேட்டதாகச் சொல்’ என்று முடித்திருக்கிறீர்கள். பார்த்தீர்களா, நீங்களே ‘சொல்’ என்றுதான் எழுதுகிறீர்கள்.

சிம்பலைத் தொடவில்லை என்று எழுதியதைப் படித்துவிட்டு அந்த ஆல்பத்தை மறுபடி போட்டேன். மகள் தன் அறையிலிருந்து வந்து, ‘அம்மா, இந்தத் தட்டு உடைக்கிற சத்தத்தை நிறுத்தும்மா’ என்றாள். ஒன்பது பாட்டிலும் சிம்பல்தான் காதைக் கிழிக்கிறது. உங்கள் வீட்டு ஸ்பீக்கரை மாற்றுங்கள்.

போன ஞாயிறு ரசிகர் கூட்டம். வழக்கம்போல சைக்கிள் கடை மாடியில்தான். பதினாறு பேர் வந்தார்கள். பல் டாக்டர் ஃபோனில் சத்தத்தை அளக்கும் கருவியோடு வந்து, எந்தப் பாட்டு எத்தனை டெசிபல் என்று பட்டியல் வாசித்தார். கனம் என்பது அளக்கக்கூடிய விஷயமாம். அப்படியானால் அவருடைய பல் துளைக்கிற மிஷினைத்தான் மேடையேற்ற வேண்டும் என்று தையல்காரர் சொன்னார். அவருக்கு ‘உலைக்களம்’ வேண்டும். டாக்டருக்கு ‘இடிபாடு’ வேண்டும். அரை மணி நேரம் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. பள்ளி வேன் ஓட்டுகிற அக்கா ஒருவர் இருக்கிறாரே, கூட்டத்தில் வாயே திறக்கமாட்டார், அவர்தான் கடைசியில் பேசினார். ‘கேட்டு முடிச்ச மறுநாள் காலைல வண்டி எடுக்கும்போதும் எது நெஞ்சுல உக்காந்திருக்கோ, அதான் கனம்’ என்றார்.

அந்த இடத்தில் நான் எழுந்தேன். ‘பூட்டாத வீடு’ என்றேன். டாக்டர் சிரித்தார். ஜல்லி பாட்டில் யார் வரியைக் கேட்கிறார்கள், இரைச்சல் போதாதா என்றார். ‘டாக்டர், கடைசிச் சொல் என்னன்னு மட்டும் சொல்லுங்க’ என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை, ‘செல்’ என்றார். தையல்காரர் ‘சொல்’ என்றார். அவ்வளவுதான். பதினாறு பேரும் எட்டுக்கு எட்டாகப் பிரிந்து நின்று கத்தினார்கள். கடைக்காரர் கீழேயிருந்து ஏறி வந்து, என்ன கைகலப்பா என்று பார்த்துவிட்டுப் போனார். ஊரெல்லாம் இந்தத் தகராறு இருக்கிறது. நாம்தான் நம் வீட்டுச் சொத்து என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

பதினாறு பேரும் அந்தப் பாட்டுக்கே அட்டை எழுதினார்கள். ஒவ்வொருவரும் இன்னும் இருபது பேரைப் பிடிக்க வேண்டும் என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். நான் அச்சகத்தில் பிடித்தது இருபத்தேழு. பைண்டிங் பகுதியில் ஒருவர் ஜல்லி பாட்டைக் கேட்டதே இல்லை, இருந்தாலும் என் தொல்லை தாங்காமல் எழுதிக் கொடுத்தார். ஒற்றைக் காலில் நிற்கிறாளே இவள் என்று என் முதுகுக்குப் பின்னால் பேசுகிறார்கள். நிற்கத்தான் போகிறேன். நான் கேட்பதும் ஒற்றைக் கால்தானே.

பிடித்த பிடியை விடாத,
முன்வரிசை


ஏப்ரல் 2

அன்புள்ள முன்வரிசைக்கு,

எட்டுக்கு எட்டா? டாக்டர் என் கட்சியில் இருப்பது எனக்கே கொஞ்சம் அவமானமாகத்தான் இருக்கிறது.

நீ இவ்வளவு பாடுபட வேண்டாம். காரணம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. என்னோடு வேலை செய்த மீசைக்காரனின் விரல்கள் போன வருஷம் லிஃப்டில் நசுங்கினது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு எனக்கு அந்த வேலை பிடிக்கவில்லை. வீட்டிலும் இருப்புக் கொள்ளவில்லை. இதை வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடேன்.

ஸ்பீக்கரை மாற்றிவிட்டேன். சிம்பல் இன்னும் வரவில்லை.

பின்வரிசை


மே 11

அன்புள்ள பின்வரிசைக்கு,

எல்லாமாகச் சேர்த்து நானூற்றுப் பன்னிரண்டு அட்டை போனது. இன்று குழுவிடமிருந்து பதில் வந்தது. பாடகரே எழுதியிருக்கிறார், கையெழுத்து மகா மோசம். ‘பூட்டாத வீடு’ உண்டு. கடைசிப் பாட்டாகவே உண்டு. ஆனால் அவர் தொண்டையில் அறுவைச் சிகிச்சை ஆகியிருக்கிறதாம். இனி கத்தக் கூடாது என்று டாக்டர் கட்டளையாம். அதனால் டிரம் இல்லாமல், ஒரே ஒரு கிட்டாரோடு, உட்கார்ந்து மெதுவாகப் பாடப்போகிறாராம். ‘எந்தச் சொல் என்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்’ என்று கீழே ஒரு வரி வேறு. நம் சண்டை அவர்வரை போயிருக்கிறது.

நான் அடுப்படியில் நின்று அழுதேன். மகள் பயந்துபோய் வந்து பார்த்தாள். சந்தோஷத்தில் அழுகிறேன் என்றால் நம்பவில்லை. எனக்கும் அது முழுசாகச் சந்தோஷமா என்று தெரியவில்லை. ஜெயித்தாலும் தோற்றாலும் ஜூன் பதினாலோடு ஒரு விஷயம் முடிந்துவிடும். அது எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

மீசைக்காரருக்கு விபத்து நடந்ததால் நீங்கள் வேலையை விடலாம். அதற்கு என்னை எதற்கு விட வேண்டும்? அந்தக் காரணத்தில் ஏதோ ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. எனக்கு அது கண்ணில் படாமல் போகாது. ‘சுத்தமான பால்’ என்பதை ‘சுத்தமான பல்’ என்று அடித்த விளம்பரத்தை அச்சுக்குப் போகும் கடைசி நிமிஷத்தில் பிடித்தவள் நான்.

இந்த ஒருமுறை முன்வரிசைக்கு வாருங்கள். என் பக்கத்தில் இடம் பிடித்து வைக்கிறேன்.

முன்வரிசை


மே 20

அன்புள்ள முன்வரிசைக்கு,

ஒரே கிட்டார், டிரம் கிடையாது, அதுவும் உட்கார்ந்துகொண்டு. அது அந்தப் பாட்டே இல்லை. கனத்தை எடுத்துவிட்டால் அதில் என்ன மிஞ்சும்? இருந்தாலும் வாக்குக் கொடுத்ததால் வருகிறேன். நான் எப்போதும் நிற்கிற இடத்தில், ஒலிக் கலவை மேஜைக்குப் பக்கத்தில் நிற்பேன். முன்னால் வரமாட்டேன். என்னைத் தேடாதே.

பின்வரிசை


ஜூன் 15

பின்வரிசைக்கு,

தேடாதே என்றீர்கள். தேடினேன்.

நீங்கள் வந்தது தெரியும். ‘இடிபாடு’ பாடும்போது திரும்பிப் பார்த்தேன், மேஜைக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றீர்கள். இளைத்திருக்கிறீர்கள். ‘பூட்டாத வீடு’ முடிந்ததும் மறுபடி திரும்பினேன். இடம் காலி. அவ்வளவு பெரிய கூட்டம் கைதட்ட மறந்து நிற்கிறது, நீங்கள் அதற்குள் வெளியே போய்விட்டீர்கள். இரண்டாவது தடவையாகக் காரணம் சொல்லாமல் போயிருக்கிறீர்கள்.

என்ன சொல் என்று நீங்களும் கேட்டிருப்பீர்கள். அதனால் நான் இங்கே எழுதவில்லை. பந்தயப்படி நடந்துகொள்வோம். அதற்கு முன்னால், ஏன் ஓடினீர்கள் என்பதற்கு மட்டும் ஒரு வரி எழுதுங்கள்.

முன்வரிசை


ஜூன் 21

அன்புள்ள முன்வரிசைக்கு,

என்ன சொல் என்று எனக்குத் தெரியாது. எனக்குக் கேட்கவில்லை.

இந்த வரியை எழுத ஒன்றேகால் வருஷம் ஆகியிருக்கிறது. எழுதிவிட்டேன், மற்றதையும் எழுதிவிடுகிறேன்.

எனக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது. முதலில் போனது கீச்சென்ற சத்தங்கள். குக்கர் விசில், வாசல் மணி, அப்புறம் சிம்பல். ஜல்லி பஞ்சாகிவிட்டது என்று நான் மூன்று வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்தேனே, பஞ்சு இருந்தது என் காதில். அது எனக்கே புரிந்தது மீசைக்காரனின் விபத்தன்றுதான்.

நான் மேலே இயந்திர அறையில் இருந்தேன். அவன் கீழே லிஃப்ட் கூரைமேல் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ‘நிறுத்து’ என்று கத்தினான். எனக்கு ‘இறக்கு’ என்று கேட்டது. இறக்கினேன். அவனுக்கு இரண்டு விரல் போனது. பிரேக் கோளாறு என்று கம்பெனியில் எழுதிக்கொண்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘நான்தான் லேட்டா கத்திட்டேன் போல’ என்றான். அதற்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் இருக்க முடியவில்லை. அடுப்படியிலிருந்து நீ ஏதாவது கேட்பாய். எனக்கு ஓசை வரும், சொல் வராது. முகம் பார்த்துப் பேசினால் உதட்டை வைத்துப் பாதி பிடித்துக்கொள்வேன். நீ திரும்பிக்கொண்டால் போச்சு. இன்னும் ஒரு மாதம் இருந்திருந்தால் நீ கண்டுபிடித்திருப்பாய். பிழை கண்டுபிடிப்பதுதானே உன் தொழில். காதைக் கண்டுபிடித்தால் விபத்தையும் கண்டுபிடித்திருப்பாய். நீ என்னைப் பார்க்கிற பார்வை மாறுவதைப் பார்க்கப் பயந்து ஓடினேன். ஃபோனை எடுக்காததும் அதனால்தான். உன் குரல் எனக்கு இப்போது வெறும் முணுமுணுப்பு.

அன்றைக்கு மற்ற பாட்டெல்லாம் பாதத்தின் வழியாகவாவது வந்தது. டிரம் அதிர்ந்தால் தரை அதிரும், அது போதும் என்று நின்றேன். ‘பூட்டாத வீடு’ தொடங்கினதும் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். முன்னால் நின்ற பெண் அழுதாள். எனக்கு ஒன்றுமே இல்லை. அத்தனை பேர் நடுவில் நான் மட்டும் வெளியே நின்றேன். அதைத் தாங்க முடியாமல்தான் போனேன்.

பந்தயத்தில் யார் ஜெயித்தார்கள் என்று தெரியாமலே நான் சொல்லிவிட்டேன். என்ன சொல் என்று நீ எழுது. நீ எழுதுவதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன்.

பின்வரிசை


ஜூன் 26

அன்புள்ள பின்வரிசைக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். முதல் தடவை உங்கள்மேல் கோபம் வந்தது. இரண்டாவது தடவை என்மேல் வந்தது. சிம்பல் இல்லை என்று ஒரு மனுஷன் திரும்பத் திரும்ப எழுதுகிறார், நான் ஸ்பீக்கரை மாற்றச் சொல்கிறேன். இத்தனை வருஷம் பிழை திருத்தி என்ன பிரயோஜனம்?

பொய் சொல்ல முழு வாய்ப்பும் கொடுத்திருக்கிறீர்கள். நான் என்ன எழுதினாலும் நம்புவீர்கள். ஒரே ஒரு காலைச் சேர்த்து எழுதினால் நான் ஜெயித்துவிடுவேன். பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன் என்பதை மறைக்கவில்லை. ஆனால் இல்லாத காலை இருக்கிறதாக எழுத என் கை வராது.

‘செல்’ தான். நீங்கள் ஜெயித்தீர்கள்.

எட்டடி தூரத்தில் நின்று பார்த்தேன். ‘சொல்’ என்றால் உதடு குவிய வேண்டும். அவர் உதடு குவியவே இல்லை. பத்தொன்பது வருஷமாக நான் தப்பாகப் பாடியிருக்கிறேன். நீங்கள் முன்வரிசைக்கு வந்திருந்தால் காதே இல்லாமல் கண்ணால் கேட்டிருப்பீர்கள்.

வாக்கு வாக்குதான். பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன், ஆறு பக்கத்திலும். ஆனால் இந்த உறையில் தேடாதீர்கள், இல்லை. ‘கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்’ என்றுதான் எழுதியிருந்தேன். அனுப்புகிறேன் என்று எழுதவில்லை. பிப்ரவரிக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள்.

மீசைக்காரரை நேற்றுக் கடைத்தெருவில் பார்த்தேன். இரும்புக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். உங்களைக் கேட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை, அது நீங்கள் சொல்ல வேண்டியது. லேட்டாகக் கத்திவிட்டோம் என்று அவர் இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிறார். இன்னும் ஒரு நாள்கூட அவரை அப்படி நினைக்க விடக் கூடாது. கம்பெனிக்கும் எழுதுங்கள். வேண்டுமானால் பிழை திருத்தித் தருகிறேன். ஜூலை நாலாம் தேதி வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் காது டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். அதற்குப் போக மாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை கிடையாது, அது பந்தயத்தில் சேராது. மகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இனிமேல் அப்பாவிடம் எதிரே நின்றுதான் பேச வேண்டும் என்று அவளாகவே சொன்னாள்.

கடைசியாக ஒன்று. நாம் இரண்டு பேரும் அந்தப் பாட்டின் கடைசிச் சொல்லுக்காகவே கட்டிப் புரண்டோம். அதற்கு முன்னால் இரண்டு சொல் இருக்கிறது. அதில் உங்களுக்கும் எனக்கும் டாக்டருக்கும் தையல்காரருக்கும் தகராறே இல்லை. அதனாலேயே அதை யாரும் கவனிக்கவில்லை. நீங்கள் ஜெயித்த வரியை முழுதாக எழுதுகிறேன், படித்துக்கொள்ளுங்கள்.

‘திரும்பி ஒருமுறை முகம் பார்த்துச் செல்.’

பத்திரம் அலமாரியில் இருக்கிறது. வந்து, என் முகத்தைப் பார்த்து, வாங்கிக்கொண்டு செல்லுங்கள். வாசல் மணியை அழுத்தினால் அது அடித்ததா என்று உங்களுக்குக் கேட்காது என்பதால் கதவைப் பூட்டாமல் வைக்கிறேன்.

கையெழுத்துப் போட்டுவிட்ட,
முன்வரிசை